சத்தியமும் அன்பும்: அகுஸ்தீனும் தொனாத்தியரும்

உள்ளத்தில் அன்பு வேரூன்றிவிட்டால் அதன்பின் மனிதன் தான் விரும்புவதைச் செய்யலாம் என்னும் கருத்துப்பட ஹிப்போவின் பேராயர் அகுஸ்தீன் கூறிய வாக்கு நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. திருமண ஆராதனைகளிலும் அதனைக் கேட்டிருக்கிறோம். நியாயப்பிரமாணத்தின் கடுமையினின்று அன்பின் சுயாதீனத்துக்கு அழைக்கும் இனிய வாக்காகவே அதனை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அது பேசப்பட்ட சூழ்நிலை இனிமையானதன்று. ஏறத்தாழ கி.பி. 407ஆம் ஆண்டில், யோவானின் முதலாம் நிருபத்தை விளக்கி அவர் தொடர்ந்து நிகழ்த்திய பிரசங்கங்களுள் ஏழாவதில் அது வருகிறது. வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாத்தியர்மீது பேரரசரின் சட்டம் பாய்ந்து அப்பொழுது ஈராண்டுகளே ஆகியிருந்தன. தகப்பன் பிள்ளையை அடிக்கிறான். அடிமை வியாபாரியோ கொஞ்சுகிறான். இவ்விருவருள் அன்புடையவன் யார் என்று அதே பிரசங்கத்தில் அவர் கேட்கிறார். அடிக்கும் கையிலும் அன்பு இருக்கக்கூடும் என்பதை நிலைநாட்டவே அந்தப் புகழ்பெற்ற வாக்கு பிறந்தது.

சத்தியத்தையும் அன்பையும் ஒரே சொற்றொடரில் இணைத்தவர் பவுல். எபேசியர் 4:15இல் அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறு ஓரிடத்தில்தான், கலாத்தியர் 4:16இல், காணப்படுகிறது. அங்கே உண்மையைச் சொன்னதனாலேயே தாம் பகைவனாகிவிட்டேனோ என அப்போஸ்தலர் வருந்துகிறார். எபேசியர் வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'பேசுதல்' என்னாமல் 'கைக்கொள்ளுதல்' என்று கூறுவது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பேசுகிறவன் பிறனை நோக்கிப் பேசிவிட்டுப் போய்விடலாம். கைக்கொள்ளுகிறவனோ அதன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டியவன். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு ஆப்பிரிக்கத் திருச்சபையின் வரலாற்றை நோக்குவோம்.

பிளவின் தோற்றத்தைச் சுருங்கக் கூறலாம். 303ஆம் ஆண்டில் பேரரசர் டயோக்கிளேஷன் கிறிஸ்தவர்களின் வேதப்பிரதிகளைப் பறித்து எரிக்கக் கட்டளையிட்டார். சிலர் கொடுக்க மறுத்து உயிர் துறந்தனர். சிலர் கொடுத்து உயிர் தப்பினர். உபத்திரவம் ஓய்ந்தபின், ஏறத்தாழ 311இல், கார்த்தேஜின் பேராயராகச் செசிலியான் அபிஷேகம் பெற்றார். அவரை அபிஷேகம் செய்தவர்களுள் ஒருவரான பேலிக்ஸ் வேதப்பிரதிகளைக் காட்டிக்கொடுத்தவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நுமிதியாவின் பேராயர்கள் கூடிச் செசிலியானைத் தள்ளி வேறொருவரை ஏற்படுத்தினர். அவருக்குப்பின் வந்த தொனாத்துவின் பெயரே அக்கட்சிக்கு நிலைத்தது. காட்டிக்கொடுத்தவரின் கை தீட்டானது, அக்கையினால் பெற்ற ஞானஸ்நானமும் அபிஷேகமும் செல்லாதவை, அப்படிப்பட்டவரோடு ஐக்கியம் கொள்ளும் சபை சபையேயன்று என்பது அவர்களது போதனை. மறுசாராரிடமிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்தனர்.

பேரரசரிடம் முதலில் முறையிட்டவர்கள் தொனாத்தியரே என்பது பலர் மறக்கும் செய்தி. 313இல் ரோமாபுரியிலும் 314இல் ஆர்லிலும் கூடிய பேராயர்கள் அவர்கள் வழக்கைத் தள்ளினர். பேலிக்ஸ் குற்றமற்றவர் என்று விசாரணையில் தெளிவாயிற்று. கான்ஸ்டன்டைன் சில ஆண்டுகள் படைபலத்தைப் பயன்படுத்திப் பார்த்து, பயனின்றி 321இல் கைவிட்டார். 347இல் மீண்டும் அடக்குமுறை வந்தது. திருச்சபைக்கும் பேரரசருக்கும் என்ன சம்பந்தம் என்று தொனாத்து கேட்டது அப்பொழுதுதான். வழக்கில் தோற்றபின் எழுப்பப்பட்ட கேள்வி என்பதனால் கேள்வி பிழையாகிவிடாது.

போதனையளவில் சத்தியம் யார் பக்கம் இருந்தது? சீர்திருத்தத் திருச்சபைகளின் வழிவந்த நாம் இதில் தயங்க இடமில்லை. ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே. ஊழியனின் தகுதியின்மை அவருடைய ஈவைக் கெடுக்கமாட்டாது என்று அகுஸ்தீன் போதித்தார். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் எட்டாம் பிரிவு தொனாத்தியரைப் பெயர் சொல்லியே மறுக்கிறது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களுள் 26ஆவதும் இதே போதனையைக் கூறுகிறது. நம்மிடம் திருவிருந்து பெறும் சபையார் நமது பரிசுத்தத்தை நம்பி வரவேண்டியதில்லை என்ற ஆறுதலை நாம் இவ்வழக்கினின்றே பெற்றோம். சத்தியத்தை உடையவர் அதனை எவ்வாறு கைக்கொண்டார் என்பதே இனி நாம் காணவேண்டியது.

391இல் அகுஸ்தீன் ஹிப்போவில் குருவாக அபிஷேகம் பெற்றபொழுது அங்குத் தொனாத்தியரே பெரும்பான்மையோர். கத்தோலிக்கர், அதாவது விசுவாசப்பிரமாணம் கூறும் பொதுச் சபையைச் சார்ந்தோர், மிகச் சிலர். அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கலாகாது என்று முந்திய தொனாத்தியப் பேராயர் ஒருவர் ஊரிலுள்ள ரொட்டிக்கடைக்காரர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார் என அகுஸ்தீன் பின்னர் எழுதினார். அப்பத்தை மறுப்பது இவ்வளவு எளிதாயிருந்த ஊர் அது. இளங்குருவான அவர் முதலில் கையிலெடுத்த கருவி ஒரு பாட்டு. தொனாத்தியரின் வரலாற்றையும் பிழையையும் எழுத்தறியாதவரும் பாடி மனத்திற்கொள்ளுமாறு, 119ஆம் சங்கீதத்தைப்போல் எழுத்து வரிசையில் அடிகளைத் தொடங்கிப் பல்லவியோடு ஒரு பாடல் இயற்றினார். செய்யுளிலக்கணத்தை அவர் அதில் வேண்டுமென்றே தளர்த்திவிட்டார். சொல்லணிக்கலை ஆசிரியராக மிலானில் வீற்றிருந்தவர் எளிய மக்களுக்காகத் தம் கலையை விட்டுக்கொடுத்தார்.

அதே காலத்தில், 392ஐயொட்டி, மாக்சிமீனு என்னும் தொனாத்தியப் பேராயருக்கு அவர் எழுதிய கடிதம் இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் வாசிக்கத்தக்கது. கத்தோலிக்க உதவிக்குரு ஒருவருக்கு மாக்சிமீனு மறுஞானஸ்நானம் கொடுத்தார் என்ற செய்தி பரவியிருந்தது. எதிர்க்கட்சிப் பேராயரைச் 'சகோதரர்' என்றழைத்த அகுஸ்தீன், அப்படி அழைத்தது ஏன் என்பதையும் விளக்குகிறார். இருவருடைய கடிதங்களும் இரு சபைகளின் முன்பாகவும் வாசிக்கப்படட்டும் என்கிறார். பின்னர், படைவீரர் ஊரில் இருக்கும்வரை தாம் அவ்வாறு செய்யப்போவதில்லை என்றும், அவர்கள் போனபின்னரே செய்வதாகவும் வாக்களிக்கிறார். தம் வாதத்துக்குப் பின்னே ஈட்டியின் நிழல் விழுவதைக்கூட அவர் அன்று விரும்பவில்லை.

ஹிப்போவில் தமக்கு எதிராயிருந்த பேராயர் புரொக்குலேயனுக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு துயரம் தெரிகிறது. கணவனும் மனைவியும் ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்ளுகின்றனர். கிறிஸ்துவின் பீடத்தில் பிரிந்து நிற்கின்றனர். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வசித்து ஒரே ஆலயத்துக்குப் போக இயலாதிருக்கின்றனர். உலக வழக்குகளைத் தீர்த்துவைக்கும்படி மக்கள் பேராயர்களிடம் தலை வணங்கி வருகின்றனர். பேராயர்களோ தங்கள் வழக்கைத் தீர்க்கமாட்டாதிருக்கின்றனர். இக்கடைசிக் குறை பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்தியதென்று நம் சபைகளின் வழக்குக் கட்டுகளைப் பார்த்தவர் எவரும் சொல்லார்.

பின்னர் நேர்ந்த மாற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. தொனாத்தியரைச் சார்ந்த முரட்டுக் கூட்டத்தார் கத்தோலிக்கக் குருமாரைத் தடிகளால் தாக்கினர். சிலர் கண்களைக் குருடாக்கினர். 403இல் அகுஸ்தீனின் நண்பரும் பிற்காலத்தில் அவர் வரலாற்றை எழுதியவருமான பொசிதியு வழியில் மறித்து அடிக்கப்பட்டார். அகுஸ்தீனைப் பிடிக்கவும் பதுங்கியிருந்தனர். வழிகாட்டியவன் பாதையைத் தவறவிட்டதனால் அவர் தப்பினார். மாக்சிமியான் என்னும் பேராயர் குற்றுயிராய் விடப்பட்டு, பிழைத்தெழுந்து, தம் தழும்புகளோடு பேரரசரின் அவைக்குச் சென்றார். தொனாத்தியரும் தம்மிடையே பிளவு எழுந்தபோது, பிரிந்தவரிடமிருந்து ஆலயங்களை மீட்க அரசாங்க நீதிமன்றங்களையே நாடினர். 404இல் கார்த்தேஜில் கூடிய கத்தோலிக்கப் பேராயர்கள் பேரரசரிடம் வேண்டியது அளவானதே: வன்முறை நிகழும் இடங்களில் மாத்திரம், பழைய சட்டப்படி பத்து இராத்தல் பொன் அபராதம். ஆனால் அவர்கள் தூதர் போய்ச் சேருமுன் ஹொனோரியுவின் அவை முடிவு செய்துவிட்டிருந்தது. 405இல் ஐக்கியச் சட்டம் வெளிவந்தது. தொனாத்தியர் மதப்புரட்டர் எனப்பட்டனர். அவர்கள் ஆலயங்கள் பறிமுதலாயின.

சட்டம் பயன் தந்தது. அகுஸ்தீனின் மனம் மாறியது இதனாலேயே என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 408ஐயொட்டி வின்சென்டியு என்பவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், கிறிஸ்துவின் ஐக்கியத்துக்குள் எவரையும் பலவந்தமாய்க் கொண்டுவரலாகாது, சொல்லினாலும் நியாயத்தினாலுமே வெல்ல வேண்டும் என்பதே தம் பழைய கருத்தென்று ஒப்புக்கொள்கிறார். அதை வென்றவை வாதங்களல்ல, கண்கூடான உதாரணங்கள் என்கிறார். முதல் உதாரணம் அவர் பிறந்த தகாஸ்தே. முழுவதும் தொனாத்தியராயிருந்த அவ்வூர் பேரரசர்களின் சட்டத்துக்கு அஞ்சி ஐக்கியத்துக்கு வந்தது. இன்றோ அப்பிரிவினையை வெறுக்கிறது என்கிறார். பழக்கத்தினாலும் சோம்பலினாலும் கட்டுண்டிருந்தோம், அச்சமே எங்களை விழிக்கச் செய்தது என்று நன்றி கூறியவர்களையும் குறிப்பிடுகிறார். லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்து உவமையில் வேலைக்காரன் வழியிலும் வேலிகளருகிலும் உள்ளவர்களை வருந்திக் கூட்டிவர அனுப்பப்படுவதை இச்செயலுக்கு ஆதாரமாக்கினார்.

இதனைப் பாசாங்கு என்று தள்ளிவிடுவது எளிது, நேர்மையன்று. தம் மந்தையும் பிறர் மந்தையும் அழிவினின்று மீளவேண்டும் என்ற ஏக்கம் அவருடைய ஒவ்வொரு வரியிலும் உண்டு. குறை அங்கில்லை. அன்பு அடிக்கிறவனுடைய நெஞ்சத்துக்குள் ஒரு நோக்கமாக ஒதுங்கிக்கொண்டது. அடிபடுகிறவன் காணும்படி வெளியே நின்றதோ அதிகாரியின் பிரம்பு. நன்றி கூறியவர்களின் குரல் அவர் காதில் விழுந்தது. நன்றி கூறாமல் வந்து நின்றவர்கள் என்ன நினைத்தனர் என்பதை அறிய அவருக்கு வழியில்லாமற் போயிற்று. அபராதத்துக்கு அஞ்சுகிறவன் பேராயரின் முகத்துக்கு நேரே உண்மையைப் பேசமாட்டான் அன்றோ? அன்பு கெட்டபோது சத்தியமும் அவ்வூர்களில் விசாரிக்க இயலாததாகிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவே, 411ஆம் ஆண்டில், அதே அகுஸ்தீனும் அவர் தோழரும் செய்த ஒரு செயல் திருச்சபை வரலாற்றில் இணை காண அரிது. பேரரசர் இரு கட்சிகளையும் கார்த்தேஜில் வழக்காடக் கட்டளையிட்டார். நடுவராக வந்தவர் மார்செல்லீனு. கத்தோலிக்கர், உயர்ந்த பண்பாளர். ஜூன் 1, 3, 8 ஆகிய நாட்களில், கார்கிலியு நீராட்டு மண்டபத்தில் அவை கூடியது. கத்தோலிக்கர் தரப்பில் 286 பேராயர்கள். தொனாத்தியர் தரப்பிலும் ஏறக்குறைய அத்தனை பேர். சிறு ஊரிலும் பேராயர் இருவர். ஒருவர் பெயர் வாசிக்கப்பட்டதும் அவருடைய போட்டியாளர் முன்வந்து, இவரை அறிவேன் என்று அறிக்கையிட்டார். எத்தனை ஆண்டுக் கசப்பு அந்தச் சிறு வாக்கியத்துக்குள் அடங்கியிருந்ததோ! துன்மார்க்கருடன் உட்காருவது வேதத்துக்கு விரோதம் என்று தொனாத்தியர் நின்றுகொண்டே இருந்தனர். பேராயர்கள் நிற்கத் தாம் அமர்வதா என்று மார்செல்லீனுவும் தம் நாற்காலியை அகற்றச் செய்து நின்றார். சுருக்கெழுத்தாளர் ஒவ்வொரு சொல்லையும் எழுதினர். பேசியவர்கள் தம் கூற்றுக்குக் கையொப்பமிட்டனர்.

அவை கூடுமுன் கத்தோலிக்கப் பேராயர்கள் மார்செல்லீனுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினர். நாங்கள் தோற்றால் எங்கள் பேராயர் பதவியை விட்டுவிடுகிறோம். நாங்கள் வென்றால், ஐக்கியத்துக்கு வரும் தொனாத்தியப் பேராயர்கள் தங்கள் பதவியை இழக்கவேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் இருவரும் முறைவைத்து ஆலயத்தில் தலைமை தாங்கட்டும். ஒரு சபைக்கு இரு பேராயர் என்பதைச் சபையார் சகியாவிட்டால் இருவரும் விலகி, புதியவர் ஒருவர் தெரிந்தெடுக்கப்படட்டும். கடிதத்தின் கருத்து இது. தங்களுக்கே தீர்ப்பாகும் என்று உறுதியாக நம்பியவர்கள், வென்றபின்னும் தங்கள் ஆசனத்தை இழக்க ஆயத்தமாயிருந்தனர். கிறிஸ்துவின் மந்தை ஒன்றாகுமானால் மேய்ப்பனுக்கு ஆசனம் எதற்கு என்பதே அவர்கள் எண்ணம்.

ஏறத்தாழ முந்நூறு பேராயர்களிடையே இந்த யோசனை வைக்கப்பட்டபோது இருவருக்கு மட்டுமே அது பிடிக்கவில்லையாம். ஒருவர் வயது முதிர்ந்தவர். வாய் திறந்தே சொல்லிவிட்டார். மற்றவர் ஒன்றும் பேசவில்லை, முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. சகோதரர்கள் அம்முதியவரை அன்போடு கடிந்துகொள்ள, அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். உடனே மற்றவரின் முகமும் மாறிற்று. நமது பேராயப் பேரவைகளில் இப்படியொரு தீர்மானம் கொண்டுவரப்பட்டால் எத்தனை முகங்கள் மாறவேண்டியிருக்கும் என்ற எண்ணம் இதை வாசிக்கும்போது எழாமலில்லை.

தீர்ப்பு எதிர்பார்த்தபடியே கத்தோலிக்கர் பக்கம் ஆயிற்று. தொனாத்தியர் அக்கடிதத்தை ஏற்று ஒன்றாக வரவில்லை. படையும் சட்டமும் பின்னணியில் நிற்க நீட்டப்பட்ட கையை அவர்கள் நம்பாததில் வியப்பில்லை. 412 ஜனவரியில் புதிய சட்டம் வந்தது. உயர்குடியினருக்கு ஐம்பது இராத்தல் பொன் முதல், முரட்டுக் கூட்டத்தாருக்குப் பத்து இராத்தல் வெள்ளி வரை, தகுதிக்கேற்ப அபராதம் வகுக்கப்பட்டது. பண்ணைக் குடிகளுக்குப் பணமில்லை, அவர்களுக்கு அடி.

அவ்வாண்டிலேயே அகுஸ்தீனின் மற்றொரு முகத்தையும் காண்கிறோம். அவருடைய குருமாருள் ஒருவரைக் கொன்று, மற்றொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டியவர்கள் பிடிபட்டனர். குற்றத்தையும் ஒப்புக்கொண்டனர். அவர்களைக் கொல்லவேண்டாம், செய்ததற்கு ஈடாக அங்கவீனம் செய்யவும் வேண்டாம் என்று மார்செல்லீனுவிடம் அகுஸ்தீன் மன்றாடினார். அதே கடிதத்தில், வாக்குமூலம் வதைப்பொறியினால் அன்றிப் பிரம்படியினாலேயே பெறப்பட்டது என்பதைப் பாராட்டவும் செய்கிறார். பள்ளியாசிரியரும் பெற்றோரும் பேராயர்களுங்கூட வழங்கும் தண்டனை அது என்கிறார். பிரம்புக்கும் அன்புக்கும் இடையே அவர் போட்ட முடிச்சு எத்துணை இறுகியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மார்செல்லீனு அடுத்த ஆண்டே, 413 செப்டம்பரில், அரசியல் சூழ்ச்சியினால் கொலையுண்டார். 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூல் அவர் வேண்டுகோளினால் தொடங்கப்பட்டது.

முடிச்சு மேலும் இறுகிற்று. 420ஐயொட்டித் திம்காத் நகரின் தொனாத்தியப் பேராயர் கௌதென்டியு, சட்டத்தை நிறைவேற்ற வந்தால் தம் சபையாரோடு ஆலயத்துக்குள்ளேயே தீயிட்டு மடிவதாக அறிவித்தார். தயங்கி நின்ற அதிகாரிக்கு அகுஸ்தீன் எழுதிய மறுமொழியில், சிலர் தாம் மூட்டிய தீயில் அழிவது, எல்லாரும் நித்திய அக்கினியில் அழிவதினும் சிறிது என்ற கணக்கு வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படைவீரர் போகட்டும் என்று காத்திருந்த அதே கைதான் இதையும் எழுதியது.

எழுதியவர் 430 ஆகஸ்ட் 28ஆம் நாள், வாண்டலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது காலமானார். எழுத்து காலமாகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிராத்தியான் தொகுத்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அவருடைய வாதங்கள் இடம்பெற்றன. 1685இல் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயி நாந்து கட்டளையை நீக்கிப் புரொட்டஸ்டன்ட் மக்களை ஒடுக்கியபோது, வின்சென்டியுவுக்கும் போனிபாஸுக்கும் அகுஸ்தீன் எழுதிய கடிதங்கள் பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்டுப் பரப்பப்பட்டன. ஆப்பிரிக்கத் திருச்சபை செய்ததையே பிரெஞ்சுத் திருச்சபையும் செய்கிறது என்பது அதன் வாதம். அடுத்த ஆண்டில் பியேர் பேய்ல் லூக்காவின் அந்த உவமையைக் குறித்தே மறுப்பு நூல் எழுதினார். கிருபையைக் குறித்த போதனையை அகுஸ்தீனிடம் கற்ற சீர்திருத்தத் திருச்சபையின் பிள்ளைகள், அவருடைய கடிதங்களாலேயே அடிக்கப்பட்டனர்.

411ஆம் ஆண்டுக் கடிதத்தையும் 412ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், இரண்டிலும் உள்ள போதனை ஒன்றே, நோக்கமும் ஒன்றே. கடிதத்தில் சத்தியத்தின் விலையைச் செலுத்த முன்வந்தவர் அதனை உரைத்தவர். சட்டத்தில் அவ்விலை கேட்டவனிடம் வசூலிக்கப்பட்டது.

கௌதென்டியுவின் செய்திக்குச் சற்று முன்னர், 418 செப்டம்பர் 20ஆம் நாள் நிகழ்ந்த ஒரு காட்சியின் நடபடிக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இடம், இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையிலுள்ள செசரியா. அவ்வூர்த் தொனாத்தியப் பேராயர் எமெரித்து, கார்த்தேஜ் அவையில் தம் கட்சிக்காக வழக்காடிய எழுவருள் ஒருவர். திருச்சபை அலுவலாக அங்குச் சென்றிருந்த அகுஸ்தீன் அவரைத் தெருவில் கண்டு ஆலயத்துக்கு அழைத்தார். அவர் மறுக்காமல் வந்தார். ஐக்கியத்துக்கு மாத்திரம் இணங்கவில்லை. மக்கள் நிறைந்த ஆலயத்தில், சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்க, அன்று தோற்றீரென்றால் ஏன் இன்னும் பிரிந்திருக்கிறீர், தோற்கவில்லையென்றால் காரணத்தைச் சொல்லும் என்று அகுஸ்தீன் கேட்டார். நான் தோற்றேனோ வென்றேனோ, சத்தியத்தினால் வெல்லப்பட்டேனோ அதிகாரத்தினால் நசுக்கப்பட்டேனோ, அதை நடபடிகளே காட்டும் என்ற பொருளில் எமெரித்து மறுமொழி கூறினார். மேலும் வற்புறுத்தியபோது, எழுதுகிறவனை நோக்கி ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்பொழுது அகுஸ்தீனின் நண்பர் அலிப்பியு, ஏழாண்டுகளுக்கு முன் கத்தோலிக்கப் பேராயர்கள் மார்செல்லீனுவுக்கு எழுதிய அக்கடிதத்தை எல்லாரும் கேட்க வாசித்தார். அகுஸ்தீன் இடையிடையே விளக்கம் கூறினார். முதிய பேராயரும் முகம் மாறிய மற்றவரும் பற்றிய செய்தியை அவர் சொன்னது இந்த இடத்தில்தான். வாசிப்பு முடிந்தது. எமெரித்து பேசியதாகக் குறிப்பில் ஒன்றும் இல்லை.